படத்துக்குக் கீழே நாலு வரி

1949 ஜூன் 10. இத்தாலியின் கூனியோ நகரிலிருந்து பினரோலோ வரை 254 கிலோமீட்டர்; நடுவில் ஆல்ப்ஸ் மலையின் ஐந்து கணவாய்கள். ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயத்தில் அன்று பதினேழாவது கட்டம். முதல் கணவாய் ஏறும்போதே ஃபௌஸ்தோ கோப்பி கூட்டத்தை உதறிவிட்டுக் கிளம்பினார். மிச்சம் 192 கிலோமீட்டரையும் ஒற்றை ஆளாக மிதித்து முடித்தார். இரண்டாவதாக வந்த ஜீனோ பார்த்தலி எல்லைக் கோட்டைத் தொட அதற்கப்புறம் 11 நிமிடம் 52 விநாடி ஆயிற்று. எந்த வளைவில் வேகம் பிடித்தார், எந்த ஏற்றத்தில் என்ன கியர் போட்டார் என்று தெரிந்துகொள்ள ‘கொரியேரே டெல்லா செரா’ நாளிதழின் சிறப்புக் கட்டுரையைப் படித்த பந்தயப் பிரியர் ஏமாந்திருப்பார். அந்தக் கட்டுரையில் டிராய் நகரத்து மதிலுக்கு வெளியே அக்கிலீஸ் ஹெக்டரை வீழ்த்திக்கொண்டிருந்தான். 34 வயது பார்த்தலிதான் ஹெக்டர். அவரைத் தோற்கடித்தது 29 வயதுக் கோப்பியா, கடவுள்களா, வயதா என்பதே கட்டுரையாளரின் கவலை.

எழுதியவர் தீனோ புத்ஸாத்தி. அப்போது வயது 42. வடக்கு இத்தாலியில் பெல்லூனோ ஊரையொட்டிப் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு 1928-இல் அதே நாளிதழில் சேர்ந்து, சாகும்வரை அங்கேயே இருந்தவர். நகரச் செய்தி, குற்றச் செய்தி, இசை விமர்சனம், போர்க்கப்பல்களிலிருந்து கடற்போர்ச் செய்தி என்று எல்லாம் பார்த்தவர். முழுநேர விளையாட்டு நிருபர் இல்லை. பந்தயத்தின் பின்னால் ஒரு நாவலாசிரியரையும் காரில் ஏற்றி அனுப்புவது அந்நாளைய இத்தாலியப் பத்திரிகைகளின் பழக்கம். வாஸ்கோ பிரதோலினி போயிருக்கிறார், அன்னா மரியா ஒர்த்தேசே போயிருக்கிறார். 1940-இல் வந்த ‘தார்த்தாரியப் பாலைவனம்’ நாவலால் பேர் வாங்கியிருந்த புத்ஸாத்திக்கும் அந்த முறை வந்தது. பந்தயம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 52 வயதில், மிலான் நகரத்தின் ரே மாஜி காட்சிக்கூடத்தில் தன் ஓவியங்களை முதன்முறையாகத் தனிக் கண்காட்சியாக மாட்டினார். எந்த ஓவியப் பள்ளியின் வாசலையும் மிதித்தவரில்லை.

அதற்கும் பிறகு அவர் ஒரு வம்பான வாதத்தைக் கிளப்பினார். நான் அடிப்படையில் ஓவியன். நீண்ட காலம் பொழுதுபோக்காக எழுத்தாளனாகவும் பத்திரிகைக்காரனாகவும் இருந்துவிட்டேன். உலகம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால்தான் என் ஓவியங்களைப் பொருட்படுத்த மறுக்கிறது என்றார். பாதி விளையாட்டு, பாதி வருத்தம். எழுத்தாளன் தூரிகை எடுத்தால் நமக்கு இரண்டே முகம்தான். “அட, இவருக்கு வரையவும் வருமா!” என்று குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிக்கொடுப்போம். அல்லது, பேர் இருக்கிறது, சுவரும் கிடைத்துவிட்டது என்று உதட்டைப் பிதுக்குவோம். இரண்டிலுமே ஓவியத்தைப் பார்க்கும் வேலை நடப்பதில்லை. புத்ஸாத்தி கேட்டுக்கொண்டபடியே அவரை ஓவியராக வைத்துப் பார்த்தால் என்ன தேறுகிறது, என்ன தேறவில்லை?

முதலில் அந்தப் பந்தயக் கட்டுரைகளுக்கே திரும்பலாம், ஏனென்றால் ஓவியர் அங்கேயே வேலையைத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. போரில் தரைமட்டமான கசீனோ நகரத்தைக் கடந்து சைக்கிள்கள் போகின்றன. நிருபர் சைக்கிளைப் பார்ப்பதில்லை. இடிபாட்டுக்கு அடியில் கிடப்பவர்களைப் பார்க்கிறார். பந்தயம் வந்திருக்கிறதே, ஊர்க்காரர்கள் ஏன் எழுந்துவந்து பார்க்கவில்லை என்பதுபோல் அந்தக் கட்டுரை போகிறது. மலைக் கட்டங்களில் அவர் கண்ணில் நிற்பது ஒரே ஓர் அமைப்புதான்: பிரம்மாண்டமான பாறை, அதன் மடியில் எறும்பளவு மனிதன். விளையாட்டு எழுத்து என்று எடைபோட்டால் இதைப் பாதி வேலை என்றுதான் சொல்வேன். அணிகள் ஒன்றையொன்று எப்படிக் கட்டிப்போட்டன, யார் யாருக்காக உழைத்தார்கள், கோப்பி அன்று அந்த இடத்தில் ஏன் கிளம்பினார் என்பதற்கெல்லாம் அவரிடம் விடை தேடுவது வீண். காப்பியத்தின் சாயத்தை இரண்டு பூச்சு கூடுதலாகவே பூசுகிறார். ஆனால் 70 வருடம் கழித்தும் அந்தப் பந்தயத்தைப் பற்றி வாசிக்கக் கிடைப்பவற்றில் கண்முன் நிற்பது அவருடைய பினரோலோதான். காரணம், அவர் சம்பவத்தை விவரிப்பதைவிட அதைச் சட்டகத்துக்குள் நிறுத்துகிறார். பெரியது ஒன்று, சின்னஞ்சிறியது ஒன்று, இரண்டுக்கும் நடுவே வெறுமை.

இந்த ஓர் அமைப்பைத்தான் அவர் ஆயுள் முழுக்க வரைந்தார். நாவலில் கோட்டையும் பாலைவெளியும், நடுவே எதிரிக்காகக் காத்துக் கிழவனாகும் அதிகாரி. ஓவியத்தில் கூரைகளுக்கு மேல் இரவில் மிதக்கும் ‘பாபாவ்’ என்ற பூச்சாண்டிப் பிராணி, கீழே தூங்கும் நகரம். அவருடைய பலம் என்ன என்று கேட்டால் இதைக் காட்டலாம். பலவீனம் என்ன என்று கேட்டாலும் இதையே காட்டலாம்.

‘தானே கற்றவர்’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவருக்கு வாத்தியார் இல்லை என்று யார் சொன்னது? 1950 முதல் 1963 வரை புத்ஸாத்தி பெரும்பாலும் வேலை பார்த்தது ‘லா தொமேனிகா தெல் கொரியேரே’ என்ற வார இதழில். பெயருக்குத் துணை ஆசிரியர், நடைமுறையில் இதழை நடத்தியவர்களில் முக்கியமானவர். 1899-இல் தொடங்கிய அந்த வார இதழின் அடையாளமே முன் அட்டை, பின் அட்டை வண்ண ஓவியங்கள்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவற்றை வரைந்த அக்கிலே பெல்த்ராமே, பெரும்பாலும் தான் கண்ணால் காணாத சம்பவங்களையே வரைந்தார். ரயில் கவிழ்கிறது, கரடி தாக்குகிறது, பனிச்சரிவில் ஆள் சிக்குகிறான். தந்தியில் நாலு வரி வரும். அதை வைத்து முழுப்பக்கக் காட்சி. கீழே அதே நாலு வரி, படக்குறிப்பாக. பெல்த்ராமேவுக்குப் பின் வால்தர் மொலீனோ. மொலீனோவின் அட்டைகள் வாராவாரம் புத்ஸாத்தியின் மேசையைக் கடந்து போயின.

அவர் படித்த ஓவியப் பள்ளி இதுதான். சம்பவத்தின் உச்ச நொடியை எப்படிப் பிடிப்பது, பார்ப்பவன் கண்ணை முதலில் எங்கே இழுப்பது, படம் சொல்லாமல் விடுவதை எழுத்தும், எழுத்து விடுவதைப் படமும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது என்றெல்லாம் அங்கே கற்கலாம். வெளிச்சம் உடம்பின் மேல் விழுந்து எப்படித் திரும்புகிறது, ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் ஏன் துடிக்கிறது என்பதெல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் கிடையாது. அவர் ஓவியங்களின் கணக்கைப் பார்த்தால் வரவும் செலவும் இப்படியேதான் விழுகிறது.

சிறு வயதிலிருந்தே கிறுக்கிக்கொண்டிருந்தவர்தான். 1945-இல் வந்த ‘சிசிலியின்மேல் கரடிகளின் புகழ்பெற்ற படையெடுப்பு’ என்ற சிறுவர் கதைக்கு அவரே படம் போட்டார். போர் முடியும் மாதங்களில் ஒரு சிறுவர் வார இதழில் தொடராகத் தொடங்கி, நாட்டு நிலைமையால் பாதியில் நின்று, அந்த ஆண்டே புத்தகமானது. மலை, கோட்டை, சாரை சாரையாகக் கரடிகள். ஒவ்வொன்றும் விரலளவு, ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரியத்தில் இருக்கும். குழந்தைகள் படத்துக்குள் விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருக்கலாம். 2019-இல் லொரென்சோ மத்தோத்தி இதை அனிமேஷன் படமாக எடுத்தபோது, அந்தச் சாரைகளின் அழகை வேறொரு தேர்ந்த ஓவியரின் கை வழியாகப் பார்க்க முடிந்தது. மத்தோத்தியின் வண்ணம் பல மடங்கு செழிப்பு. இருந்தாலும் மூலப் படங்களில் இருக்கும் அந்த விளையாட்டுத்தனமான நெரிசல் தனி.

1958-இன் கண்காட்சிக்கு வைத்த பெயர் ‘வரைந்த கதைகள்’. அதே ஆண்டு அவருடைய ‘அறுபது கதைகள்’ தொகுப்புக்கு இத்தாலியின் பெரிய இலக்கிய விருதான ஸ்த்ரேகா கிடைத்தது. எழுத்தாளராக உச்சத்தில் நிற்கும்போது ஓவியராகக் கத்துக்குட்டி வரிசையில் போய் நின்றார். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருடைய ஓவியங்களில் எல்லோரும் அறிந்தது மிலானின் தூவோமோ சதுக்கம். நகரத்தின் நடுவே நிற்கும் பேராலயம் அதில் தோலோமித்தி மலைப் பாறையாக மாறியிருக்கிறது; கோபுர ஊசிகள் எல்லாம் பாறைக் கூர்முனைகள். டிராம் ஓடவேண்டிய சதுக்கம் பச்சைப் புல்வெளி. அங்கே புல்லறுத்துப் போர் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு படத்துக்காகவே அவரை ஓவியர் என்று ஏற்றுக்கொள்ளலாம். மலையில் பிறந்து, மலை ஏறிப் பழகி, பிழைப்புக்காக நகரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரின் ஏக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கலைக் கல்லூரியில் தேர்ந்த ஒருவர் இந்தக் கருவை எடுத்திருந்தால் பாறையின் நிழல், தூரத்துப் பனி மூட்டம் என்று நேர்த்தி காட்டியிருப்பார்; நாம் நேர்த்தியைப் பார்த்திருப்போம். புத்ஸாத்தியின் கை கொஞ்சம் விறைப்பானது. அந்த விறைப்பு, நிலப்படம் போடுபவனின் நேர்மையோடு, இப்படித்தான் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. அதிசயத்தைச் சாதாரணக் குரலில் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது செய்தி எழுதுபவனுக்குத் தெரியும். அவருடைய கதைகளும் அப்படித்தானே நம்ப வைக்கின்றன!

ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்த நியாயம் செல்லாது. அவர் ஓவியங்களை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். மற்ற ஓவியர்கள் விஷயத்தில் இதை ஒரு குறையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன். இவர் விஷயத்தில் இழந்தது அதிகமில்லை என்றே நினைக்கிறேன். இவரைப் பற்றி வைக்கக்கூடிய கடுமையான விமர்சனமும் அதுவே. சாயம் சாயமாக இருந்து எதையும் செய்வதில்லை. கோட்டை இழுத்து, நடுவில் நிறத்தை நிரப்பிவிடுகிறார். ஒரு நீலத்துக்குப் பதில் இன்னொரு நீலம் வைத்தால் கதை மாறாது. மனித உடம்பு வரும்போதெல்லாம் கை தடுமாறுகிறது: கழுத்து தோளில் சரியாக உட்காராது, விரல்கள் எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். தூரத்துச் சிற்றுருவங்களில் அவர் ராஜா. அருகில் ஒரு முகத்தைக் கொண்டுவந்தால் அது முகமூடியாகிவிடும். படக்குறிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் பல ஓவியங்கள் பாதி உயிரோடு நிற்கும், என்ன நடக்கிறது என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

இங்கே ரவீந்திரநாத் தாகூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் எழுதி எழுதிப் பேர் வாங்கிவிட்டு, பள்ளிப் பயிற்சி இல்லாமல், அறுபதைத் தாண்டி ஓவியத்துக்கு வந்தவர். 1930-இல் பாரிஸில் முதல் கண்காட்சி. ஆனால் வந்த வழி முற்றிலும் வேறு. கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து, அந்தக் கிறுக்கலிலிருந்து பறவையும் பூதமும் முளைத்தன. வார்த்தையை அடித்த இடத்தில் பிறந்த ஓவியம் அது. தலைப்பு வைக்கவும் அவர் பொதுவாக மறுத்தார். புத்ஸாத்தியின் ஓவியம் வார்த்தையின் விரலைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. அவருக்கு வரைவதும் எழுதுவதும் ஒரே காரியம்: கதை சொல்வது. இதை அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். தாகூர் எழுத்தில் எட்டாத இடத்துக்கு ஓவியத்தில் போனார். புத்ஸாத்தி எழுத்தில் போன இடத்துக்கே வேறு வண்டியில் போனார். எது உயர்ந்தது என்று பட்டியல் போட நான் வரவில்லை. ஆனால், ‘நான் ஓவியன்தான், எழுத்து பொழுதுபோக்கு’ என்று சொல்லும் உரிமை இருவரில் தாகூருக்கே கூடுதலாக இருக்கிறது. சொன்னவரோ புத்ஸாத்தி.

1960-களில் அவர் ஓவியம் இன்னொரு பக்கம் திரும்பியது. 1963-இல் வந்த ‘ஒரு காதல்’ நாவலில், இளம் பாலியல் தொழிலாளி ஒருத்திமேல் பித்துப் பிடித்த நடுவயதுக் கட்டடக் கலைஞரின் அவமானங்களை எழுதினார். அதே சமயத்தில் அமெரிக்க பாப் ஓவியம் இத்தாலிக்கு வந்திறங்கியது. காமிக்ஸ் கட்டத்தை அப்படியே பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்றால், படக்குறிப்புப் பள்ளியில் படித்தவருக்கு அதைவிட நல்ல செய்தி ஏது? கட்டம் கட்டமாகப் பிரித்து, எழுத்தைப் படத்துக்குள்ளேயே இறக்கி, அழுத்தமான கோட்டில் வரையத் தொடங்கினார். கைக்குத் தோதான மொழி கடைசியில் கிடைத்தது. கூடவே ஒரு நோயும் வந்தது. நிர்வாணப் பெண்கள், காலணி, காலுறை, கயிறு, ஒரே மாதிரி உதடு, ஒரே மாதிரி மார்பு. கவர்ச்சிப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்த உடம்புகள் என்பது தெரிகிறது. நாவலில் தன் ஆசையை இரக்கமில்லாமல் விசாரணைக் கூண்டில் ஏற்றிய அதே மனிதர், ஓவியத்தில் அதற்கு வக்கீலாகிவிடுகிறார். அந்தக் காலம் அப்படி, பாப் ஓவியர்கள் எல்லோரும் அப்படி என்று சமாதானம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். எழுத்தில் இருந்த விழிப்பு தூரிகையில் ஏன் இல்லை என்ற கேள்வி அதனால் தீராது. எழுத்தில் முப்பது வருடப் பயிற்சி, தவறான சொல்லைக் கண்டால் கை தானாக அடிக்கும். ஓவியத்தில் அப்படி அடிக்கும் கை இன்னும் வளரவில்லை என்பது என் ஊகம். தானே கற்றவனுக்கு உண்மையான ஆபத்து உடற்கூறு தெரியாததில் இல்லை. தான் எங்கே சோம்பேறி ஆகிறோம் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் ஆபத்து.

இந்த நிறையும் குறையும் ஒன்றாகக் கொட்டிக் கிடப்பது 1969-இல் மொந்ததோரி பதிப்பித்த ‘சித்திரக்கதைக் காவியம்’. இருநூறு பக்கத்துக்கு மேல். ஓர்ஃபியஸ் கதைதான், மிலானில் நடக்கிறது. ஓர்ஃபி என்ற இளம் பாடகன், தன் காதலி எவ்ரா ஒரு தெருவின் சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாக மறைவதைப் பார்க்கிறான், பின்னாலேயே போகிறான். மறு உலகத்தின் காவலன் யார் என்றால், ஆளில்லாத ஒரு கோட்டு! உள்ளே உடம்பு கிடையாது, கோட்டு மட்டும் நின்று பேசுகிறது. இறந்தவர்களுக்கு வலி இல்லை, பயம் இல்லை, ஆகவே ஏக்கமும் இல்லை. சாவு இருந்த காலத்தைப் பாடச் சொல்லி அவனைக் கேட்கிறார்கள். அந்த வெற்றுக் கோட்டு வரும் பக்கங்கள் நவீன சித்திரக்கதையின் சிறந்த பக்கங்களோடு வைக்கத் தக்கவை. உடம்பு வரையத் தெரியாதவர் உடம்பில்லாத பாத்திரத்தைப் படைத்துத் தப்பித்தார் என்று கிண்டலும் செய்யலாம். கலையில் பல கண்டுபிடிப்புகள் இப்படிச் சந்துவழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் அடுத்த பக்கத்திலேயே மறுபடி அந்தக் கவர்ச்சிப் பட உடம்புகள் வரிசை கட்டும், கதை மூச்சு வாங்கும்.

யார் யாரிடமிருந்து என்ன எடுத்தேன் என்று அந்தப் புத்தகத்தில் அவரே நன்றிப் பட்டியல் போட்டிருக்கிறார்: சல்வதோர் தலி, காஸ்பார் தாவித் ஃப்ரீட்ரிக், ஆர்தர் ராக்கம், முர்னௌவின் ‘நோஸ்ஃபெரத்து’ திரைப்படம். செய்தி எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடும் பழக்கம் போகவில்லை போலும். கல்லூரி ஓவியர்களில் எத்தனை பேர் இப்படி வெளிப்படையாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்?

பேர் பெற்ற பத்திரிகைக்காரர் என்பதால் கிடைத்த சலுகையைப் பற்றியும் பேசியாகவேண்டும். பேர் இல்லாத ஒரு 52 வயது அலுவலருக்கு மிலானின் காட்சிக்கூடம் கதவைத் திறந்திருக்குமா என்றால், சந்தேகம்தான். 1960-களின் பிற்பகுதியில் அவர் அதே நாளிதழின் ஓவிய விமர்சகராகவும் ஆனார். ஓவியம் மாட்டுபவரே ஓவியத்தை எடைபோடும் நாற்காலியிலும் உட்கார்வது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியை அவர் சில்லறைக் காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை. தன் ஓவியத்துக்கு நேர் எதிரானவற்றைக்கூட வாய் பிளந்து ரசித்தார். அந்த நாற்காலிக்கு முன்பே, 1957-இல் பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன் மிலானில் ஒரே நீல நிறத்தில் பலகைகளை மாட்டியபோது அதைப் பற்றி எழுதினார். 1962 ஜனவரியில், பாரிஸின் சேன் நதிக்கரையில் க்ளைன் நடத்திய சடங்கில் கலந்துகொண்டார். தங்கம் கொடுத்து, வெறும் வெளியின் ஒரு துண்டை வாங்கவேண்டும். ரசீதை அங்கேயே எரிக்கவேண்டும். தங்கத்தில் பாதி ஆற்றுக்குள் போகும். கதை இல்லாத படமே இல்லை என்று வாழ்ந்தவர், படமே இல்லாத ஓவியத்தை வாங்கப் போனார். புகைப்படங்களில், கோட்டும் டையுமாக, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தாபோல் நிற்கிறார். அங்கேயும் அவருக்குக் கிடைத்தது ஒரு கதைதான் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு குறை சொன்னபின் ‘வால் மொரேலின் அற்புதங்கள்’ பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1970-இல் வெனிஸில் கண்காட்சியாக வைத்தார்; அடுத்த ஆண்டு கார்சாந்தி பதிப்பகம் புத்தகமாக வெளியிட்டது. ஏறத்தாழ நாற்பது படங்கள், எல்லாம் நேர்த்திக்கடன் ஓவியங்கள். நம் கோயில்களில் கண்மலர், கை, கால் என்று வெள்ளித் தகட்டில் செய்து போடுவதுபோல, இத்தாலியக் கிராமத்து ஆலயங்களில் தப்பிப் பிழைத்தவர்கள் சிறு பலகையில் படம் வரையச் சொல்லி மாட்டுவார்கள். வண்டி குடைசாய்கிறது, மாடு முட்டுகிறது, மேலே மூலையில் மேகத்துக்குள் புனிதர் தெரிகிறார், கீழே தேதியும் நாலு வரி விவரமும், ‘அருள் பெற்றதற்காக’ என்பதன் முதலெழுத்துகளும். வரைபவர்கள் ஊர்க் கைவினைஞர்கள். உடற்கூறு, தூரப் பார்வை எதுவும் சரியாக இருக்காது; அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

பெல்த்ராமேவின் அட்டைப்படத்துக்குப் பாட்டன் முறையான வடிவம் இது. சம்பவம், உச்ச நொடி, கீழே குறிப்பு. தான் அறியாமலே இத்தனை வருடம் எந்த வடிவத்தில் பயின்றாரோ, அதன் ஊற்றுக்கே புத்ஸாத்தி வந்து சேர்ந்துவிட்டார். முடியாத காரியங்களை முடித்துக் கொடுப்பவர் என்று நம்பப்படும் புனித ரீத்தாதான் இங்கே நாயகி. அவரிடம் கொண்டுவரும் ஆபத்துகளோ எந்த ஊர்க் கோயிலிலும் காண முடியாதவை. ஒருவனின் மண்டைக்குள் புகுந்த மன எறும்புகள். வானத்தில் பறக்கும் திமிங்கிலம். செவ்வாய்க் கிரகத்தார். முள்ளம்பன்றிப் பிசாசு. எல்லாவற்றையும் விரட்டிவிட்டு ரீத்தா மூலையில் அமைதியாக நிற்பார். படத்துக்கு ஒரு பத்தி எழுத்து; ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்த்து, அசல் செய்தி நடையில்.

இங்கே அவருடைய குறைகள் எல்லாம் தொழிற்சுத்தமாகிவிடுகின்றன. விறைத்த உடம்பு, தட்டையான நிறம், முகமூடி முகம், விளக்கம் இல்லாமல் நிற்காத படம் எல்லாமே இந்த வடிவத்தின் இலக்கணம். சிறியவன், பெரிய பயம் என்ற அவருடைய ஒற்றை அமைப்பு, மூலையில் மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றதும் திடீரென்று ஆழம் பெறுகிறது. கோப்பிக்கும் மலைக்கும் நடுவே யாரும் இல்லை. பாபாவுக்கும் ஊருக்கும் நடுவே யாரும் இல்லை. இங்கேதான் முதன்முறையாக, கூப்பிட்ட குரலைக் கேட்டு யாரோ வருகிறார்கள். கடவுள் நம்பிக்கையை இழந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், உயிர் போவதற்குச் சில மாதம் முன்னால் பதிப்பித்த புத்தகம் இது. 1972 ஜனவரியில் 65 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

ஒரு முணுமுணுப்பு மட்டும் எனக்கு மிச்சம். உண்மையான நேர்த்திக்கடன் ஓவியத்துக்குப் பின்னால் உண்மையாகவே குடைசாய்ந்த வண்டி ஒன்று இருந்தது, நிஜமாகவே பிழைத்த குழந்தை ஒன்று இருந்தது. நாடறிந்த எழுத்தாளர் ஒருவர் அந்தக் கோணல் கையைக் கடன் வாங்கி, இல்லாத அற்புதங்களை வரைந்து நகரத்துக் கண்காட்சியில் மாட்டும்போது, பலகையைச் சுமந்து வந்த ஏழைக் குடியானவரின் நம்பிக்கை வேடிக்கைப் பொருளாகிவிடுகிறதோ என்று சில பக்கங்களில் தோன்றுகிறது. வேறு சில பக்கங்களில், அந்த மன எறும்புப் படத்தில் குறிப்பாக, அப்படித் தோன்றவில்லை. அங்கே பயம் அசல்.

புத்தகத்தின் முன்கதையில், தன் தந்தையின் நூலகத்தில் கிடைத்த ஒரு குறிப்பேட்டைப் பற்றிச் சொல்கிறார்; ரீத்தாவின் சிறு கோயில் ஒன்றையும், அதைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவரையும் பற்றிச் சொல்கிறார். எல்லாம் கட்டுக்கதை. ஆனால் வால் மொரேல் பள்ளத்தாக்கு பெல்லூனோவுக்குப் பக்கத்தில், லிமானா ஊரின் எல்லையில் நிஜமாகவே இருக்கிறது. இடம், பெயர், காலம் இல்லாமல் செய்தியை உள்ளே அனுப்பக் கூடாது என்பது பத்திரிகை அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே திட்டு வாங்கிக் கற்கும் பாடம். கிழவருக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்: தோனி தெல்லா சாந்தா.